புதுச்சேரி டு கொச்சி பாய்மரப் படகுல, நானும் ஃப்ரெண்டும் மட்டும். என்னென்ன தயார் பண்ணணும்?

உப்புக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா எழுதுறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்குங்க. நானும் காலேஜ்ல இருந்து கூடவே இருக்கிற ஃப்ரெண்டும் சேர்ந்து போன வருஷம் ஒரு 26 அடி பாய்மரப் படகு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம். ஃபைபர் பாடி, 10 எச்பி டீசல் இன்ஜின், தண்ணிக்குக் கீழ 1.4 மீட்டர் கீல், பாய்மரம் தண்ணியில இருந்து 11 மீட்டர் வரும். நான் சென்னையில இருந்தப்ப மூணு வருஷம் ஹார்பருக்குள்ள சின்ன டிங்கி ஓட்டினவன், ஃப்ரெண்டுக்கு பாய் பத்தி அவ்வளவா தெரியாது ஆனா டீசல் இன்ஜின் அவன் கையில குழந்தை மாதிரி, பஸ் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான்.

இதுவரைக்கும் நாங்க போன அதிகபட்ச தூரம் புதுச்சேரில இருந்து மாமல்லபுரம் வரைக்கும், லைட்ஹவுஸைப் பாத்துட்டு திரும்பிட்டோம், அதுவும் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கிளம்பி நடு ராத்திரி வந்து சேர்ந்தோம், முகத்துவாரத்துல மணல் மூடி இருந்ததால உள்ள வர முடியாம விடியற வரைக்கும் வெளிய நங்கூரம் போட்டுக் கிடந்தோம். அந்த ராத்திரிதான் இந்த யோசனையே வந்துச்சு.

பிளான் இதுதான். புதுச்சேரில கிளம்பி நாகப்பட்டினம், கோடியக்கரை சுத்தி, பாம்பன் பாலம் தாண்டி தூத்துக்குடி, கன்னியாகுமரி, விழிஞ்ஞம், கொல்லம், கொச்சி. மேப்ல அளந்து பாத்தா சுமார் 450 கடல்மைல் வருது. எங்க படகு சராசரியா 4, 5 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) போகும். ரெண்டு பேருக்கும் மூணு வாரம் லீவ் கிடைக்கும். டிசம்பர் கடைசியில கிளம்பி பொங்கலுக்கு கொச்சியில இருக்கலாம்னு நினைச்சோம். வீட்ல நான் "மெதுவா கரையோரமா போறோம்"னு சொல்லி வச்சிருக்கேன், அவ நம்பல.

என் கேள்வி, எந்த மாசம் சரி, பாம்பன்ல என்ன நடைமுறை, என்னென்ன சாமான் கண்டிப்பா வேணும், ரெண்டு பேர் போதுமா? திட்டறவங்க திட்டலாம், ஆனா காரணம் சொல்லி திட்டுங்க.

---

பரங்கிப்பேட்டை போட்:

வாங்க தம்பி. திட்டல. ஆனா முதல்ல டிசம்பர் கடைசியை அழிச்சிடுங்க. 2011-ல தானே புயல் நம்ம கடலூர் புதுச்சேரி பக்கம் கரை ஏறினது டிசம்பர் 30, அதை மறந்துட்டு எவனும் நியூ இயர் சமயத்துல கடல் இறங்க மாட்டான். பொங்கல் முடிஞ்சு கிளம்புங்க. தை மாசம் வாடைக்காத்து ஓஞ்சு போயிருக்காது, ஆனா அந்தப் புயல் பிசாசு போயிருக்கும், வாடைக்காத்து பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே கொண்டு போகும். ஜனவரி பாதியில இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும்தான் தெற்க போறதுக்கு நல்ல சீசன். அதுக்கப்புறம் தெற்குக் காத்து வந்துடும், மூஞ்சிக்கு நேரா அடிக்கும், இடமும் வலமுமா வளைஞ்சு வளைஞ்சு 70 மைல் போக 110 மைல் ஓட்டணும்.

அடுத்தது வலை. இதை யாருமே புதுசா வர்றவங்களுக்குச் சொல்றதில்ல. புயல்ல மாட்டறது ஆயுசுக்கு ஒரு தடவை இருக்கலாம், வலையில மாட்டறது வாரத்துக்கு ஒரு தடவை. நானும் என் மச்சானும் மூணு வருஷம் முன்னாடி நாகப்பட்டினம் போறப்ப, பரங்கிப்பேட்டைக்கு நேர் ஆறு மைல் வெளிய, ராத்திரி ரெண்டு மணி, காத்து செத்துப்போச்சுன்னு இன்ஜினைப் போட்டோம், பத்து நிமிஷம் இருக்கும், ஒரு சத்தம், இன்ஜின் மூச்சு அடைச்ச மாதிரி நின்னுடுச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா பின்னாடி நைலான் வலை கொத்தா சுத்திக்கிட்டு வால் மாதிரி நீளமா போகுது. மச்சான் இடுப்புல கயிறு கட்டி, கண்ணாடி போட்டுக்கிட்டு இறங்கினான். அலை பெருசா இல்ல, ஆனா படகோட பின்பக்கம் ஏறி ஏறி அவன் தலை மேலயே இறங்குது. ரப்பர் மேட்டை அவன் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நான் தொங்கிட்டு இருக்கேன். சாதாரண கத்தி நைலான்ல வழுக்கும், பிரெட் அறுக்கிற பல்லு வச்ச கத்திதான் வேலை செஞ்சுது, அதுவும் சமையலுக்குன்னு எடுத்துட்டுப் போனது. படகு அடியில ஒட்டிக்கிற கொட்டலசு (சிப்பி மாதிரி கூர்மையா இருக்கும்) சுரண்டாம விட்டிருந்தோம், கை ரெண்டும் கீறி ரத்தம்.

அதுக்குள்ள வலைக்காரர் ஃபைபர் போட்ல வந்துட்டாரு. வந்த வேகத்துக்கு அடிக்கப் போறாருன்னு நினைச்சேன். அவன் கையைப் பாத்ததும் பேச்சு மாறிடுச்சு, அவங்களே மிச்சத்தை அறுத்து விட்டு பிளாஸ்க்ல இருந்த டீயும் கொடுத்தாங்க. வலைக்கு 4000 ரூபா கொடுத்தேன், வாங்க யோசிச்சாரு, கையில திணிச்சேன். அவங்க பொழப்பு அது, நாம பொழுதுபோக்குக்குப் போறவங்க, இதுல பேரம் பேசாதீங்க.

அதனால ராத்திரியில மிதவை லைட் மினுக்குனா ரெண்டு லைட்டுக்கு நடுவுல புகுந்து போகாதீங்க, சுத்திப் போங்க. ஒரு தண்ணிக் கண்ணாடி, பல்லுக் கத்தி ரெண்டு, கை க்ளவுஸ், இது மூணும் ஒரே பையில, பை எப்பவும் காக்பிட்ல, அதாவது உக்காந்து படகு ஓட்டற இடத்துல. கிளம்பறதுக்கு முன்னாடி படகைக் கரை ஏத்தி அடிப்பக்கம் சுரண்டி பெயிண்ட் அடிங்க, ஸ்பீடும் அரை நாட் கூடும்.

---

செகண்ட்மேட்:

மேல அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் சரக்குக் கப்பல்ல வேலை பாக்குறவன், அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு ரெண்டு சொல்றேன்.

பிரிட்ஜ்ல (கப்பலை ஓட்டற மேல் அறை) நின்னு பாத்தா உங்க 26 அடி ஃபைபர் படகு எங்களுக்குத் தெரியாதுன்னே வச்சுக்குங்க. கொஞ்சம் அலை இருந்தா ரேடார்ல அலையோட அலையா காணாம போயிடுவீங்க. ஒரு கண்டெய்னர் கப்பல் 18 நாட்ல வருதுன்னா ஆறு மைல் தள்ளி லைட் தெரிஞ்சதுல இருந்து உங்க பக்கத்துல வர 20 நிமிஷம். நீங்க உள்ள போய் டீ போட்டு, குடிச்சு, ஒரு சாப்பாட்டு டப்பாவைத் தேடி எடுத்துட்டு வெளிய வர்ற நேரம். அதனால ஏஐஎஸ் (கப்பல்களோட இடத்தை ஒண்ணுக்கு ஒண்ணு காட்டற ரேடியோ கருவி) போடுங்க, மத்த கப்பலைப் பாக்கறது மட்டும் இல்ல, உங்களையும் அவங்களுக்குக் காட்டற டைப்பா பாத்து வாங்குங்க. பாய்மரத்து உச்சியில எல்ஈடி லைட். வி.எச்.எஃப் ரேடியோ ஒண்ணு ஃபிக்ஸ் பண்ணினது, ஒண்ணு கையில வச்சுக்கிறது, அவசரத்துக்குக் கூப்பிடற சேனல் 16 எப்பவும் ஆன்ல. அதுக்கான லைசன்ஸ் வேலையை இப்பவே ஆரம்பிங்க, லீவுக்கு முந்தின வாரம் ஆரம்பிச்சா நடக்காது.

முக்கியமா ஒண்ணு. வெளிநாட்டு யூடியூப்காரங்களைப் பாத்துட்டு சாட்டிலைட் போன், கார்மின் இன்ரீச் மாதிரி ஐட்டம் வாங்கிடாதீங்க. நம்ம நாட்டுல அனுமதி இல்லாம அதை வச்சிருந்தாலே கேஸ். கடல்ல, அதுவும் இலங்கை எல்லை பக்கத்துல, அதோட பிடிபட்டா எந்தக் கதையும் எடுபடாது. அதுக்குப் பதிலா 406 மெகாஹெர்ட்ஸ் ஈபிஆர்பி (ஆபத்துன்னு சிக்னல் அனுப்பற கருவி) ஒண்ணு வாங்கி பெங்களூர்ல இருக்கிற இஸ்ரோ மையத்துல உங்க பேர், வீட்டு நம்பரோட பதிவு பண்ணிடுங்க. பட்டனை அமுக்கினா சாட்டிலைட் வழியா அவங்களுக்குப் போய் கோஸ்ட் கார்டுக்குத் தகவல் போகும். கோஸ்ட் கார்டு நம்பர் 1554, கடலோர போலீஸ் 1093, ரெண்டையும் வீட்லயும் எழுதி ஒட்டுங்க. மொபைல் டவரை கரையில இருந்து 10 கிலோமீட்டர் தாண்டி நம்பாதீங்க.

கல்பாக்கம் உங்க வழியில இல்ல, ஆனா கூடங்குளம் இருக்கு. தூத்துக்குடி தாண்டினதும் நல்லா வெளிய தள்ளிப் போங்க, அழகா இருக்குன்னு கிட்டப் போய் போட்டோ எடுக்காதீங்க. சார்ட்ல (கடல் வரைபடம்) தடை போட்ட இடம் எல்லாம் சிவப்புல மார்க் பண்ணிட்டு கிளம்புங்க. டேராடூன்ல இருக்கிற நேவி ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸ் போடற சார்ட் பேப்பர்ல ஒரு செட் வேணும். டேப்லட் தண்ணி பட்டு செத்த அன்னைக்குத்தான் அந்தப் பேப்பரோட அருமை தெரியும்.

---

வடகடல்:

தம்பி, நான் பாம்பன் பக்கம். அப்பா காலத்துல வத்தையில பாய் கட்டிப் போனவங்க, இப்ப எல்லாம் இன்ஜின்தான். நீங்க கோடியக்கரையில இருந்து பாம்பனுக்கு எப்படி வரப் போறீங்க? "மேப்ல அளந்து பாத்தேன்"னு எழுதியிருக்கீங்க, அதனாலதான் கேக்குறேன். ஸ்கேல் வச்சு நேரா கோடு போட்டீங்களா?

போட்டிருந்தீங்கன்னா அந்தக் கோடு இலங்கைக் கடலுக்குள்ள போயிட்டுத்தான் வரும். 1974-ல போட்ட எல்லைக்கோடு நம்ம பக்கமா ஒரு இடத்துல வயிறு மாதிரி உள்ள தள்ளி நிக்கும், வடக்கு 9 டிகிரி 40 நிமிஷத்துல அது கிழக்கு 79 டிகிரி 22 நிமிஷத்துக்கே வந்துடும். தொண்டியில இருந்து 20 மைல் சொச்சம்தான். நீங்க போட்ட நேர்கோடு அந்த இடத்துல நாலஞ்சு மைல் அந்தப் பக்கம் இருக்கும். வாடைக்காத்துல பாய் விரிச்சு ஹாயா தூங்கிக்கிட்டு வந்தீங்கன்னா கண் முழிக்கிறப்ப பக்கத்துல நிக்கிறது இலங்கை நேவியாத்தான் இருக்கும். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இதுல ஒரு கதை இருக்கு, படகும் போய், ஆளும் மாசக்கணக்குல அங்க கிடந்து... சரி அது வேற பேச்சு.

அதனால கோடியக்கரையை நல்லா வெளிய சுத்துங்க, அங்க மணல் மேடு இருக்கு, ஆழம் குறைச்சல். அப்புறம் மேற்க திரும்பி, மல்லிப்பட்டினம் ஜெகதாப்பட்டினம் பக்கமா சாஞ்சு, தொண்டிக்கு நேரா வந்து அப்புறம் தெற்க இறங்குங்க. 70 மைல்ல முடியறது 75, 80 ஆகும். ஆகட்டும். ஜிபிஎஸ்ல எல்லைக்கு அஞ்சு மைல் உள்ளயே இன்னொரு கோடு போட்டு அலாரம் வச்சிடுங்க. இந்தப் பக்கம் ஆழம் இல்லாத கடல், பத்து மீட்டருக்கு மேல போறது கம்மி, அதனால காத்து கொஞ்சம் ஏறினாலே அலை குட்டையா, கிட்ட கிட்டயா, செங்குத்தா அடிக்கும். பெரிய அலையை விட இதுதான் குடலைப் பிரட்டும்.

ட்ராலர் (இழுவலை போடற பெரிய விசைப்படகு) கடலுக்குப் போற நாள் வாரத்துல மூணு, நாட்டுப்படகுக்கு மிச்ச நாள். ட்ராலர் போகாத நாள் ராத்திரியா பாத்து வாங்க, பாதி தலைவலி குறையும். எந்த நாள்னு நாகப்பட்டினத்துல எந்த டீக்கடையில கேட்டாலும் சொல்லுவாங்க.

பாலத்துக்கு வருவோம். புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாங்க, நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டா லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேல தூக்கும். பழைய 1914 பாலம் ரெண்டு கையையும் விரிச்ச மாதிரி திறந்துச்சு, அதை ஆளுங்க சுத்தித்தான் திறந்தாங்க, பாக்கவே ஒரு அழகு, சின்னப் பிள்ளையில மணிக்கணக்குல உக்காந்து பாத்திருக்கோம். உங்க மரம் 11 மீட்டர்னா தூக்கினாத்தான் போக முடியும். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் நங்கூரம் போட்டுட்டு பாம்பன் துறைமுக ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து பணம் கட்டணும், அவங்க ரயில்வேக்குச் சொல்லி, ரயில் இல்லாத நேரம் பாத்து, காத்திருக்கிற போட்டை எல்லாம் சேர்த்து ஒண்ணா விடுவாங்க. உடனே நடக்கும்னு நினைக்காதீங்க, ரெண்டு மூணு நாள் கைவசம் வச்சுக்குங்க. தை மாசத்துல பாலத்துக்கு அடியில நீவாடு (நீரோட்டம்) வடகடல்ல இருந்து தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) ஆறு மாதிரி ஓடும், ரெண்டு பக்கமும் பாறை. உள்ள நுழைஞ்சிட்டா நிறுத்த முடியாது, பாயை இறக்கிட்டு இன்ஜின்ல போங்க, வழிகாட்ட ஆள் ஏத்திக்கங்க. இன்ஜின் மெக்கானிக் கூட இருக்காருன்னு சொன்னீங்க பாருங்க, அவர் அன்னைக்குத்தான் தெய்வம்.

தென்கடல் வந்துட்டா தண்ணி கண்ணாடி. ஆனா மண்டபத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் வரிசையா 21 தீவு, எல்லாம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. இறங்கக் கூடாது, பவளப்பாறை மேல நங்கூரமும் போடக் கூடாது. தீவுக்கு வெளிப்பக்கமா போயிடுங்க.

---

உப்புக்காத்து:

வடகடல் அண்ணே, ஸ்கேல் வச்சுத்தான் கோடு போட்டேன். இப்ப லேப்டாப்பைத் திறந்து நீங்க சொன்ன பாயிண்டை வச்சுப் பாத்தேன், கை கொஞ்சம் நடுங்குது. ஃப்ரெண்டுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், "நல்லவேளை நீ கேட்ட"ன்னு மட்டும் பதில் போட்டான்.

ஜனவரி 20-க்கு மேல மாத்திட்டோம். இன்னும் ஒரு சந்தேகம், ரெண்டு பேர் போதுமான்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. இன்னொரு ஆளைச் சேர்த்துக்கலாமா?

---

அமரம்பிடிச்சவ:

நான் சொல்றேன். நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு பேரா நாலு வருஷமா மேற்குக் கரையில ஓட்டறோம், கொச்சிதான் எங்களுக்கு ஊர் மாதிரி.

ரெண்டு பேர் போதும். நம்ம புதுச்சேரிப் பொண்ணு லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோடு தில்னாவும் ரெண்டே பேரா நேவியோட பாய்மரப் படகு தாரிணில 2024 அக்டோபர் 2 கோவாவுல கிளம்பி உலகத்தையே சுத்திட்டு 2025 மே 29 திரும்பி வந்துட்டாங்க. ஆனா அவங்க அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் சேர்ந்து பழகினாங்கன்னு பாருங்க. ரெண்டு பேர்னு சொல்றோம், உண்மையில ராத்திரி எப்பவும் ஒருத்தர்தான் முழிச்சிருப்பாங்க, இன்னொருத்தர் தூக்கம். அப்ப உங்க ஃப்ரெண்டு தனியா பாயைக் குறைக்கத் தெரிஞ்சவரா இருக்கணும், நீங்க தனியா டீசல் ஃபில்டர் மாத்தி ஏர் எடுக்கத் தெரிஞ்சவரா இருக்கணும். இப்ப நீங்க எழுதியிருக்கிறதைப் பாத்தா ரெண்டுமே இல்ல. "அவன் இன்ஜின், நான் பாய்"னு பிரிச்சு வச்சிருக்கீங்க. அது பகல்ல மட்டும் நடக்கும்.

தண்ணியில விழுந்தா என்ன பண்றதுன்னு ட்ரை பண்ணியிருக்கீங்களா? நாங்க முதல் வருஷம் ட்ரை பண்ணினோம், கொச்சி காயல்ல, அலையே இல்லாத தண்ணி, அவர் லைஃப் ஜாக்கெட்டோட வேணும்னே குதிச்சாரு, 84 கிலோ. படகைத் திருப்பிக் கொண்டு போய் பக்கத்துல நிறுத்தறதுக்கே நாலு ரவுண்டு ஆச்சு. அப்புறம் தூக்க முடியல. கையைப் பிடிக்கிறேன், தோளைப் பிடிக்கிறேன், வழுக்குது, அவரும் சிரிச்சுச் சிரிச்சு கடைசியில சிரிக்கிறதை நிறுத்திட்டாரு, உதடு வெளுத்துப் போச்சு. நாப்பது நிமிஷம். கடைசியில மெயின் பாய் ஏத்தற கயிறை அவர் ஹார்னஸ்ல (உடம்போட கட்டிக்கிற பாதுகாப்பு வார்) மாட்டி வின்ச்ல (கயிறு சுத்தி இழுக்கிற உருளை) சுத்தித்தான் மேல கொண்டு வந்தேன். இப்ப அதுக்குன்னே ஒரு கப்பி செட் தனியா கட்டித் தொங்கவிட்டிருக்கோம். நடுக்கடல்ல ராத்திரி, விழுந்தது உங்க ஃப்ரெண்டு, முழிச்சு வர்றது நீங்க. அவர் விழுந்ததே உங்களுக்கு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். அதனால இருட்டினதும் ஹார்னஸைப் படகோட மாட்டாம காக்பிட்டை விட்டு யாரும் நகரக் கூடாது, ஒண்ணுக்குப் போறதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆம்பளைங்க அதிகமா விழறது அப்பத்தான்.

மூணாவது ஆள் வேணாம். 26 அடியில மூணாவது ஆள் படுக்க இடம் கிடையாது, ரெண்டு பேர் சண்டை போட்டா ஜட்ஜ் வேலை பாக்க மட்டும்தான் ஆவாரு.

சண்டைன்னதும் ஞாபகம் வருது. கிளம்பறதுக்கு முன்னாடி யார் கேப்டன்னு பேசி முடிங்க. ஃப்ரெண்ட்ஸ்னா இதைப் பேச கூச்சமா இருக்கும், "நமக்குள்ள என்னடா"ம்பீங்க. எங்களுக்குள்ள ஒரு விதி இருக்கு, ரெண்டு பேர்ல யார் "பாயைக் குறை"ன்னு சொன்னாலும் குறைக்கணும், யார் "திரும்பலாம்"னாலும் திரும்பணும், ஏன்னு கேக்கறது நங்கூரம் போட்டதுக்கப்புறம்தான். கேப்டனோட வேலை "போலாம்"னு சொல்றது மட்டும்தான், "வேணாம்" ரெண்டு பேருக்கும் சொந்தம். லீவ் முடியுதுன்னு ஓட்டினவங்கதான் அடிபடறாங்க. மூணு வாரத்துல 450 மைல் முடியும், ஆனா பாம்பன்ல மூணு நாள், கன்னியாகுமரி காத்துக்கு நாலு நாள்னு போனா முடியாது. தூத்துக்குடியில படகை விட்டுட்டு பஸ் ஏறி வேலைக்குப் போக மனசு தயாரா இருக்கணும்.

கன்னியாகுமரி பத்தி. ஜனவரி பிப்ரவரில ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்து கடல்லயும் இறங்கும், முப்பந்தல்ல அத்தனை காத்தாலை சும்மா நட்டு வைக்கல. தூத்துக்குடியில காத்து இல்லையேன்னு முழுப் பாயோட போய் முனையைத் திரும்பினா முகத்துல அறை வாங்குவீங்க. சின்னமுட்டம் ஹார்பர்ல நின்னு, விடியக்காலையில பாயைக் குறைச்சுக் கட்டிக்கிட்டே கிளம்புங்க. பாறை நிறைய, நல்லா வெளிய சுத்துங்க. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அந்தப் பக்கம் எவ்வளவு சீக்கிரம் பெருசாச்சுன்னு குமரி மாவட்டத்துல யாரைக் கேட்டாலும் அழுதுடுவாங்க. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்) போடற அலை அறிவிப்பு, சென்னை வானிலை மையத்தோட மீனவர் எச்சரிக்கை, ரெண்டையும் காலை மாலை பாக்காம நங்கூரம் தூக்காதீங்க. கேரளா பக்கம் கள்ளக்கடல்னு ஒண்ணு இருக்கு, காத்தே இருக்காது, வானம் தெளிவா இருக்கும், எங்கயோ தெற்க அடிச்ச புயலோட அலை கரையில வந்து ஏறும். அது சித்திரை வைகாசில அதிகம், உங்க சமயத்துல பிரச்சனை கம்மி.

விழிஞ்ஞம் தாண்டினா மத்தியானத்துக்கு மேல வடமேற்குக் காத்து நேரா மூக்குல அடிக்கும். அதை எதிர்த்து ஓட்டாதீங்க. நடு ராத்திரிக்கு மேல கரைக்காத்து இதமா வரும், அப்ப கிளம்பி மத்தியானத்துக்குள்ள அடுத்த துறையில ஒதுங்குங்க. கொச்சியில போல்காட்டி மெரினா இருக்கு, தண்ணி கரண்ட் குளியல் எல்லாம் உண்டு.

---

பருத்தித்துறையான்:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். வடகடல் அண்ணை சொன்னது முழுக்கச் சரி, எங்கட பக்கத்தாலயும் அதையே சொல்லுவன், எல்லைக்குக் கிட்ட வராதேங்கோ, பாய்க்கப்பலோ மீன்பிடி வள்ளமோ எண்டு இரவில ஒருத்தரும் பாக்க மாட்டினம்.

பாம்பனில கன நாள் காக்க வேணும் எண்டால் இலங்கையைச் சுத்திப் போகலாமோ எண்டு அடுத்ததா கேப்பியள் எண்டு நினைக்கிறன். அது வேற பயணம். வெளிநாட்டுக்குப் போற கணக்கு, குடிவரவு, சுங்கம் எல்லாம் ரெண்டு பக்கமும் செய்ய வேணும், தூரமும் கூட, அதோட தெற்கு முனை தேவேந்திரமுனையடியில பெரிய கப்பல் எல்லாம் வரிசையாப் போற பாதை. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

ஒரு சின்னக் கதை மட்டும். எங்கட வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கி, எங்கட ஆக்களே அதை ஓட்டிக்கொண்டு 1938-ல அமெரிக்காவில குளோஸ்டர் துறைமுகம் மட்டும் போனவை. ஜிபிஎஸ்சும் இல்லை, ஏஐஎஸ்சும் இல்லை. ஆனா காத்து மாறும் மட்டும் பொறுத்திருக்கத் தெரிஞ்ச சனம். என்ர அப்பப்பா சொல்லுவார், வாடை, கொண்டல், சோழகம், கச்சான், நாலு திசைக் காத்தும் ஒவ்வொண்டா வரும், உனக்கு வேண்டினது வந்தாப் பிறகு நீ போ எண்டு. நீங்கள் போய்ச் சேர்ந்தால் படம் போடுங்கோ.

---

பரங்கிப்பேட்டை போட்:

எல்லாரும் போறதைப் பத்தியே பேசறீங்க. தம்பி, திரும்பி எப்படி வருவீங்க? ஜூன் பிறந்தா தென்மேற்குப் பருவம் கேரளாவுல வெளிய தலை நீட்ட விடாது. கொச்சியில விட்டுட்டு வந்தீங்கன்னா மார்ச் கடைசியிலயோ ஏப்ரல்லயோ ஒரு லீவ் போட்டு எடுத்துட்டு வந்துடுங்க, அந்த வடமேற்குக் காத்து அப்ப குமரி வரைக்கும் பின்னாடி தள்ளும், இந்தப் பக்கம் திரும்பினா தெற்குக் காத்து புதுச்சேரி வரைக்கும் கொண்டு வந்து விடும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம கரையில மீன்பிடித் தடைக்காலம், பெரிய போட் எதுவும் வெளிய வராது, ராத்திரியில நிம்மதியா ஓட்டலாம். நாட்டுப்படகு வலை மட்டும் கரை ஓரமா இருக்கும்.

---

செகண்ட்மேட்:

வாந்தி பத்தி யாரும் சொல்லல. 12 வருஷமா கப்பல்ல இருக்கேன், லீவ் முடிஞ்சு ஏறினா முதல் நாள் எனக்கே தலை சுத்தும். அவோமின் மாத்திரை கிளம்பறதுக்கு முந்தின ராத்திரியே போடணும், வாந்தி வந்தப்புறம் போட்டா மாத்திரையும் சேர்ந்து வெளிய வரும். ஆனா தூக்கம் தள்ளும், அதனால ரெண்டு பேரும் ஒரே நேரம் போடாதீங்க. உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. இஞ்சி மொரப்பா பாக்கெட் பாக்கெட்டா வாங்கி வச்சுக்குங்க.

---

உப்புக்காத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம். கேப்டன் யாருன்னு பேச ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் யாரும் வாயைத் திறக்கல, கடைசியில அவனே "நீதான், ஆனா இன்ஜின் ரூம்ல நான் சொல்றதுதான்"னு முடிச்சான். அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் ஒர்க்‌ஷாப்ல ஒரு பழைய இன்ஜின்ல கண்ணைக் கட்டிக்கிட்டு நான் ஃபில்டர் மாத்தணுமாம், அவனுக்கு நான் பாய் குறைக்கச் சொல்லித் தரணும். தண்ணியில குதிக்கிற டெஸ்டுக்கு அவன் 92 கிலோ, நான் 65, யார் குதிக்கிறதுங்கறதுல இன்னும் முடிவு வரல.

கொச்சி இப்ப இல்ல. இந்த சீசன் புதுச்சேரி டு நாகப்பட்டினம், சுமார் 70 மைல், ஒரு முழு ராத்திரி, பௌர்ணமி ஒட்டி. அது நல்லா போனா பாம்பன் வரைக்கும். மிச்சம் அடுத்த வருஷம். வீட்ல இதைச் சொன்னதும் முதல் தடவையா "என்ன சாப்பாடு கட்டித் தரட்டும்"னு கேட்டா.

அதுல ஒரு கடைசி கேள்வி, ஆடற படகுல சமைக்க குக்கர் சரியா வருமா, இல்ல புளியோதரையே கட்டிக்கிட்டுப் போயிடலாமா?

---

அமரம்பிடிச்சவ:

முதல் ராத்திரிக்கு புளியோதரை, அடுப்பு பக்கமே போக மாட்டீங்க. குக்கர் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, மூணு லிட்டர் போதும், மூடி பூட்டிக்கும், படகு சாஞ்சாலும் கொட்டாது, ஆறினதும் திறந்து அப்படியே மடியில வச்சு சாப்பிடலாம். அடுப்பைச் சுத்தி கம்பி கிளிப் போட்டு இறுக்கிடுங்க. விசில் வர்றப்ப தூங்கிட்டு இருக்கிறவரை முன்கூட்டியே எழுப்பிச் சொல்லிடுங்க, எங்க வீட்டுக்காரர் ஒரு தடவை கப்பல் ஹாரன்னு நினைச்சு ஜட்டியோட மேல ஓடி வந்துட்டாரு.